டான்சில் வைக்காத ஸ்லைடு

உட்கார்ந்து காத்திருக்கிற வேலைக்கு என்னைப் போன்ற ஒருத்தி வந்திருக்கவே கூடாது. பால் பொங்கும் வரை அடுப்புப் பக்கத்தில் நிற்கத் தெரியாது எனக்கு. பஸ் ஐந்து நிமிஷம் தாமதமானால் அடுத்த ஸ்டாப்புக்கு நடக்க ஆரம்பித்துவிடுவேன். பாதி வழியில் அதே பஸ் என்னைத் தாண்டிப் போகும். இப்படிப்பட்டவள் பதினாறு வருஷமாக மேற்குத் தாம்பரத்தில் ஒரு பயாப்சி லேபில் டெக்னீஷியன்.

உடம்பிலிருந்து எடுத்த சதைத் துணுக்கை ஃபார்மலினில் ஊறவைத்து, மெழுகில் புதைத்து ஒரு கட்டியாக்குவோம். அதற்குப் பேர் பிளாக். அந்த பிளாக்கைத் தலைமுடியைவிட மெல்லிசாகச் சீவி, கண்ணாடி ஸ்லைடில் ஏற்றி, சாயம் போட வேண்டும். சாதாரணச் சாயத்தில் நோயெதிர்ப்பு செல்கள் எல்லாமே ஊதாப் புள்ளிகள்தான், ஒன்றுக்கொன்று வித்தியாசம் தெரியாது. எது டி செல், எது பி செல் என்று பிரிக்க ஆன்டிபாடி போட வேண்டும். சிடி த்ரீ என்ற ஆன்டிபாடி டி செல்லைத் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும், சிடி ட்வென்டி பி செல்லை. ஒட்டிய இடத்தில் மட்டும் கடைசியில் பிரவுன் ஏறும். மற்றதெல்லாம் நீலமாகவே இருக்கும்.

ஃபார்மலினில் கிடந்த சதை இறுகிப்போய் ஆன்டிபாடிக்கு இடம் கொடுக்காது. அதனால் ஸ்லைடுகளை முதலில் குக்கரில் வேகவைப்போம். வீட்டில் பருப்பு வேகிற அதே குக்கர்தான். மூடியைத் திறக்க நான் பறக்கிறதைப் பார்த்து, "ஆக்கப் பொறுத்தவங்களுக்கு ஆறப் பொறுக்கலையா?" என்று எங்கள் டாக்டர் கேலி செய்வார்.

இன்னொரு வழக்கமும் உண்டு. ஒவ்வொரு ஸ்லைடின் ஓரத்திலும் சின்னதாக ஒரு டான்சில் சீவலை ஏற்றிவிடுவோம். எப்போதோ யாரோ ஒரு குழந்தைக்கு ஆபரேஷன் செய்து எடுத்த டான்சில். அதில் இரண்டு வகை செல்லும் கட்டாயம் இருக்கும். டான்சில் பிரவுன் ஆகியிருந்தால் சாயம் வேலை செய்திருக்கிறது. ஆகவில்லையென்றால் அந்த ஸ்லைடு சொல்கிற எதையும் நம்பக் கூடாது.

அந்த வெள்ளிக்கிழமை காலை ரிஜிஸ்டரில் என் அண்ணன் பேர் இருந்தது.

அண்ணன் மேடவாக்கத்தில் தண்ணி லாரி ஓட்டுகிறான். மூன்று மாசமாகக் கழுத்தில் நெறி கட்டியிருந்தது. லாரியில் உட்கார்ந்து உட்கார்ந்து வந்த சூட்டுக் கட்டி என்று சொல்லிக்கொண்டு திரிந்தான். நான் போட்ட சத்தத்தில்தான் ஆஸ்பத்திரிக்குப் போனான். ஊசி விட்டு எடுத்த நூல் மாதிரி ஒரு துணுக்கு எங்கள் லேபுக்கே வந்து சேர்ந்தது. டாக்டர் முதல் ஸ்லைடைப் பார்த்துவிட்டு, "லிம்போமா மாதிரி தெரியுது, நெறிக்கட்டில வர்ற கேன்சர். பி செல் கேன்சரா இருந்தா சிடி ட்வென்டில மொத்தமா பிரவுன் அடிக்கும். த்ரீ, ட்வென்டி ரெண்டும் போட்டு வைங்க, திங்கக்கிழமை பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். அது என் அண்ணன் என்று அவருக்குத் தெரியாது, அவருக்கு ஒரு நம்பர்தான்.

சொந்தக்காரர் சாம்பிளை அவரவர் தொடுவதில்லை என்பது எங்கள் லேபில் எல்லோரும் மதிக்கிற பழக்கம். இன்னொரு டெக்னீஷியன் திங்கட்கிழமை காலை மற்றதோடு சேர்த்துப் போட்டிருப்பாள். திங்கட்கிழமை வரை நான் எப்படி இருப்பது? வாயைத் திறக்காமல் பிளாக்கை எடுத்துக்கொண்டு போனேன்.

சீவி வைத்திருந்த டான்சில் தீர்ந்துபோயிருந்தது. புதுசாகச் சீவ வேண்டுமானால் அந்த பிளாக்கை ஐஸில் வைத்து இறுகவிட வேண்டும், அரை மணி நேரம் ஆகும். டான்சில் இல்லாமலே ஏற்றினேன். குக்கர் விசில் அடிக்கும்போது அண்ணி போன். ஆன்டிபாடி ஊறும்போது மறுபடி போன். "இன்னும் தெரியல அண்ணி, வைங்க" என்று எரிந்து விழுந்தேன். கடைசியில் பிரவுன் நிறம் ஏற்றுகிற கிட் காலியாகியிருந்தது, புதுப் பெட்டியைப் பிரித்து ஊற்றினேன்.

நாலு மணிக்கு சிடி ட்வென்டி ஸ்லைடை மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். நீலம். இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை நகர்த்தினேன். ஒரு பொட்டு பிரவுன் இல்லை. சிடி த்ரீ ஸ்லைடை எடுத்துப் பார்க்கவே இல்லை. நேராகப் படிக்கட்டுக்கு ஓடி போனைப் போட்டேன்.

"அண்ணி, பயப்பட ஒண்ணும் இல்ல. சாதாரணக் கட்டிதான்."

"முருகா!" அண்ணி அழ ஆரம்பித்துவிட்டாள். "நெஜமாத்தான் சொல்றியா? திருப்போரூருக்கு ஒரு வேண்டுதல் கீதும்மா. ஞாயித்துக்கெழமயே முடிச்சுகினு வந்துர்றோம்."

அந்த இரண்டு நாளும் நான் நிம்மதியாகத் தூங்கினேன். அதை நினைத்தால்தான் இன்றைக்கும் என்மேல் எனக்கு ஆத்திரம் வருகிறது.

திங்கட்கிழமை டாக்டர் இரண்டு ஸ்லைடையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். பிறகு தலையைத் தூக்கினார்.

"டான்சில் எங்கம்மா?"

ஏற்றவில்லை என்றேன்.

"த்ரீலயும் ஒண்ணும் இல்ல, ட்வென்டிலயும் ஒண்ணும் இல்ல. டி செல்லும் இல்லாம, பி செல்லும் இல்லாம ஒரு நெறிக்கட்டி எங்கயாவது இருக்குமா? நீங்களே சொல்லுங்க."

தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் நான் சொல்லக்கூடிய விஷயம் அது. ஃபிரிட்ஜைத் திறந்து புதுக் கிட்டை எடுத்தேன். அதில் இரண்டு பாட்டில். பெரியதில் வெறும் திரவம்தான். சின்னதில் இருப்பதைச் சொட்டு விட்டுக் கலந்தால்தான் நிறம். சின்ன பாட்டிலின் சீல் உடைக்காமல் அப்படியே இருந்தது. புளி கரைக்காமல் ரசம் வைத்துவிட்டு, கடிகாரம் பார்த்துப் பத்து நிமிஷம் எண்ணியிருக்கிறேன்.

அண்ணன் என்று அப்போதுதான் சொன்னேன்.

"வீட்டுக்கு ஏதாவது சொல்லிட்டீங்களா?" என்று கேட்டார். தலையாட்டினேன். திட்டியிருக்கலாம். "நீங்க வெளிய இருங்க" என்று மட்டும் சொல்லி, இன்னொரு டெக்னீஷியனைக் கூப்பிட்டு பிளாக்கைக் கொடுத்தார். நூல் துணுக்கு, அதில் என் அவசரத்துக்கு ஏற்கெனவே பாதி போயிருந்தது. மிச்சம் தேறாவிட்டால் அண்ணன் கழுத்தில் மறுபடியும் ஊசி விட வேண்டும்.

படிக்கட்டில் உட்கார்ந்தேன், எழுந்தேன். கீழே போய் டீ வாங்கினேன், குடிக்காமல் வைத்தேன். உள்ளே குக்கர் விசில் கேட்டது. மூடி தானாக ஆறும் வரை அவள் அதைத் தொடவே இல்லை. கதவுக் கண்ணாடி வழியாக அவள் நிதானத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மூன்றரைக்கு டாக்டர் உள்ளே கூப்பிட்டார். சிடி ட்வென்டி ஸ்லைடில் முதலில் டான்சிலைக் காட்டினார். அழகாக, வட்ட வட்டமாகப் பிரவுன். ஸ்லைடைக் கொஞ்சம் தள்ளினார். அண்ணனுடைய துணுக்கு முழுக்க அதே பிரவுன், நடுவில் மூச்சுவிட இடமில்லை.

"மருந்து இருக்கு இதுக்கு. தள்ளிப் போடாம பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றார்.

மேடவாக்கம் பஸ் கேம்ப் ரோடு சிக்னலில் நின்றது. பச்சை விழக் கூடாது என்று வேண்டிக்கொண்டது என் வாழ்க்கையில் அன்றைக்கு ஒருநாள்தான்.

கதவைத் திறந்தது அண்ணன். வழவழவென்று மொட்டை, அதன்மேல் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. "இன்னாம்மா, எப்டி கீது?" என்று தலையைத் தட்டிக் காட்டினான். கழுத்துக் கட்டி இன்னும் எடுப்பாகத் தெரிந்தது. அண்ணி உள்ளேயிருந்து பிரசாதத்தோடு வந்தாள். நான் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன், சீல் உடைக்காத பாட்டில் வரைக்கும்.

அண்ணன் மொட்டையைத் தடவினான். "அந்த மருந்து ஏத்துனா முடி கொட்டிடும்ன்றாங்களே? நான் முன்னாடியே குட்த்துட்டேன், வுடு" என்று சிரித்தான். கூடச் சிரிக்க யாரும் இல்லை.

அண்ணி அழவும் இல்லை, கத்தவும் இல்லை. பிரசாதத் தட்டை மேஜைமேல் வைத்துவிட்டுக் கேட்டாள்.

"தெரியலன்னு சொல்லியிருக்கலாமேம்மா. நாங்க காத்துகினு இருந்திருப்போமே."

ரிப்போர்ட் வரும் வரை காத்திருக்கும் சனங்களைப் பதினாறு வருஷமாக லேப் வாசலில் பார்க்கிறேன். அவர்களுக்கு அது முடிகிறது. எனக்கு அந்த ஸ்லைடு நீலமாக இருக்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான். அதை அவளிடம் சொல்ல வெட்கமாக இருந்தது.