மெல்லக் கழுவிய தகடு

மேரித்துக்கு எதையும் முரட்டுத்தனமாகச் செய்ய வராது. உப்சாலா நகரின் ஒரு சின்ன ஆய்வகத்தில் உணரித் தகடுகளைக் கழுவுவது அவள் வேலை. நகத்தளவு தகடு, அதன்மேல் பதித்த புரதம். நோயாளியின் ரத்தத்தை ஓடவிட்டால், சொந்த உடம்பையே தாக்கி நோயை உண்டாக்கும் எதிர்ப்பொருள் வந்து அதில் ஒட்டும்; எவ்வளவு ஒட்டியது என்று கருவி சொல்லும். பிறகு அமிலம் விட்டு ஒட்டியதைக் கழற்றிவிட்டு, அதே தகட்டில் அடுத்தவர் ரத்தம். அமிலம் கடுமையானால் புரதமே செத்துப்போகும். நீர்த்துப்போனால் பழையது போகாமல் அடம்பிடிக்கும். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் அவள் பிழைப்பு ஓடியது.

இந்த முறை கைவசம் இருந்தது ஒரே ஒரு நல்ல தகடு. தசைகளைத் தளர்த்தும் நோய்க்கு ஒரு புது மருந்தைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். அதைச் சாப்பிட்டுப் பார்ப்பவர்களில் அவள் கணவன் தோர்க்னியும் ஒருவன். தகடு பாழாகிவிடுமோ என்ற பயத்தில் அமிலத்தை நீர்த்தே வைத்துக்கொண்டாள். மாதாமாதம் எடுத்து வைத்திருந்த எல்லோருடைய ரத்தத்தையும் முதல் மாதத்திலிருந்து வரிசையாக ஓட்டினாள். எதிர்ப்பொருள் குறைந்துகொண்டே வந்தது. வெளியே சொல்லக்கூடாத செய்தி. வாயை அடக்க முடியாமல் தோர்க்னியிடம் சொல்லிவிட்டாள்.

ஆய்வகத் தலைவர் ஸ்தூரே மார்சிபன் என்ற பாதாம் இனிப்பைப் பச்சையாகப் போர்த்திய கேக்கோடு வந்து, காப்பி நேரத்தில் முடிவுகளைச் சுவரில் காட்டினார். மேரித் சுவரில் இறங்கிய கோடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"என்ன மேரித், கேக் வெட்டுற அன்னிக்கு மூஞ்சிய இப்படி வெச்சிருக்க?"

"எல்லாருக்கும் ஒரே மாதிரி இறங்கியிருக்கு, ஸ்தூரே. மனுஷங்க அப்படியா குணமாவாங்க?"

"நல்லது நடந்தாலே உனக்குப் பொறுக்காதே."

"முதல் மாச ரத்தத்த இப்ப இன்னொரு தடவ ஓட்டிப் பாத்துடறேன்."

"திங்கக்கெழம பாத்துக்கலாம். மொதல்ல கேக்க சாப்பிடு."

அவள் சாப்பிடவில்லை. கருவியின் முன்னால் போய் உட்கார்ந்தாள். பேசாமல் விட்டுவிட்டால் என்ன என்று ஒரு நிமிஷம் தோன்றத்தான் செய்தது. பிறகு ஓட்டினாள்.

முன்பு உச்சியில் நின்ற முதல் மாத ரத்தம், இப்போது கடைசி மாத அளவிலேயே நின்றுவிட்டது. குறைந்தது நோய் அல்ல, தகட்டில் இடம். கழன்று போகாத பழையது அதை அடைத்துக்கொண்டு கிடந்திருக்கிறது. ஸ்தூரே எட்டிப் பார்த்தார், கையிலிருந்த கேக் தட்டைக் கீழே வைத்தார். மேரித்துக்குத் தன் கைகள்மேலேயே ஆத்திரமாக வந்தது.

வீட்டு வாசலில் தோர்க்னி படகைக் கவிழ்த்துப் போட்டு வண்ணம் பூசிக்கொண்டிருந்தான்.

"தோர்க்னி, குறையுதுன்னு சொன்னேன்ல. குறையல. நான் தகட்ட சரியாக் கழுவல."

"அப்ப மருந்து?"

"வேலை செஞ்சதுக்கு ஒரு அடையாளமும் இல்ல."

அவன் தூரிகையிலிருந்து வண்ணம் புல்லில் சொட்டியது.

"ஆனா எனக்குத் தேவலையா இருந்துச்சே, மேரித்," என்றான். "நீ சொன்ன நாள்லேர்ந்து."