சுதன் அண்ணா குடித்த கோப்பி எது?

சுதன் அண்ணா... இந்த வாரம் இந்தப் பக்கம் உனக்கு.

வாசகர்கள் கோபிக்க வேண்டாம். என் ஓட்டோவில் ஏறி இறங்கும் சனத்தின் கதையைத்தான் வாராவாரம் இங்கே சொல்லுகிறேன். இன்றைக்கும் அப்படித்தான் — என் ஓட்டோவில் கனகாலம் ஓசியில் போய்வந்த ஒருவனின் கதை. கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டு வாசலில் ஏறுவான். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் போகும் ஒழுங்கை ஒன்றில் இறங்குவான். வழியில் மழைத் தூறல் முகத்தில் அடித்தால், "தம்பி, ஏசியைக் கொஞ்சம் குறை, குளிருது" என்பான். ஒவ்வொரு மழைக்கும் அதே பகிடி. ஒவ்வொரு முறையும் அவனே சிரிப்பான்.

டெங்கு வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போன அண்ணன் திரும்பி வரவில்லை. இதற்கு மேல் அதை எழுத எனக்குத் தெரியவில்லை.

போன வாரம் முப்பத்தோராம் நாள் காரியம். எங்கள் வழக்கம் தெரியும்தானே? காலையில் முகத்துவாரத்துக் கடற்கரையில் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு, வீட்டுக்கு வந்து, படத்துக்கு முன்னால் வாழையிலை விரித்து, போனவருக்கு விருப்பமான சாப்பாடெல்லாம் படைக்க வேண்டும். அம்மா மனசுக்குள் எல்லாவற்றையும் யோசித்து வைத்திருந்தார். உழுந்து வடை, பயத்தம் பணியாரம், ரீவி பார்க்கும்போது அவன் கொறிக்கும் மரவள்ளிச் சிப்ஸ்... கடைசியாக, ஒரு கப் கோப்பி.

அந்தக் கோப்பியில்தான் பிரச்சினை வந்தது.

அண்ணாவுக்கு வேலையே கோப்பி போடுவதுதான். வெள்ளவத்தையில் கண்ணாடிக் கதவு போட்ட ஒரு கஃபே. 'பரிஸ்டா' என்று நெஞ்சில் பட்ஜ் குத்தியிருப்பான். அம்மாவைப் பொறுத்தவரை அது கோப்பிக்கடை. யாரும் கேட்டால், "மூத்தவன் கோப்பிக்கடையில மெசின் ஓட்டுறான்" என்பார். ஏதோ கப்பல் ஓட்டுகிற மாதிரி.

காரியத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது, யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த பெரியம்மா குசினிக்குள் எட்டிப் பார்த்தார். அம்மா கோப்பித்தூள் ரின்னைக் கழுவித் துடைத்துக்கொண்டிருந்தார்.

"உதை ஏன் இப்ப எடுக்கிறாய்?"

"பிள்ளைக்குக் கோப்பி வைக்க வேணுமெல்லே அக்கா. புதுசா வறுத்து இடிக்கப்போறன்."

"உன்ர மல்லிக் கோப்பியோ? அடி விசரி! அவன் வெள்ளைக்காரருக்கெல்லாம் விதம் விதமாக் கோப்பி போட்டுக் குடுத்த பிள்ளை. அங்க எத்தினை நல்ல கோப்பி குடிச்சிருப்பான். உன்ர மனம் நோகக்கூடாதெண்டு இதையும் குடிச்சிருப்பான், அவ்வளவுதான்."

பெரியம்மா கெட்டவர் இல்லை. கறிக்கு உப்புக் காணாது என்று சொல்லுகிற மாதிரிதான் சொன்னார். சொல்லிவிட்டு வெங்காயம் உரிக்கப் போய்விட்டார். அம்மாவின் கை மட்டும் அந்த ரின்னில் அப்படியே நின்றது.

அம்மாவின் கோப்பி பற்றி நான் சொல்லியே ஆகவேண்டும்.

ஒருநாள் அண்ணாவுக்கு அவன் முதலாளி ஒரு சின்னப் பைக்கற் கோப்பிக்கொட்டை பரிசாகக் கொடுத்தார். எங்கேயோ ஆபிரிக்காவில் மலையில் விளைந்ததாம். விலையைக் கேட்டால் எங்களுக்குத் தலை சுற்றும். அண்ணா அதைக் குசினித் தட்டில் குழந்தையைக் கிடத்துகிற மாதிரிக் கிடத்திவிட்டு வேலைக்குப் போனான். அம்மா திறந்து பார்த்தார். கொட்டை கறுவாப்பட்டை நிறத்தில் வெளிறிப்போய் இருந்தது.

"ஐயோ, என்ர பிள்ளையை ஏமாத்திப்போட்டாங்கள்! இது அரைவாசிதான் வறுபட்டிருக்கு" என்றார்.

பிறகென்ன? தாச்சி அடுப்பில் ஏறியது. அந்த மலைக்கொட்டை முழுவதும் கரிக்கறுப்பாகும் வரை திரும்ப வறுபட்டது. துணைக்குக் கொத்தமல்லி, வேர்க்கொம்பு, நாலு மிளகு. எல்லாம் ஒன்றாக அரைபட்டு ரின்னுக்குள் போனது.

அன்று அண்ணாவை நான்தான் ஏற்றி வந்தேன். ஒழுங்கைக்குள் திரும்பும்போதே வாசம் பிடித்துவிட்டான். "தம்பி... அது எங்கட வீட்டிலயோ?" என்றான். குரல் இறங்கிவிட்டது. இன்றைக்கு வீட்டில் இடி விழப்போகிறது என்று நான் நினைத்தேன்.

அண்ணா குசினி வாசலில் நின்றான். வெறும் பைக்கற்றைப் பார்த்தான். அம்மாவைப் பார்த்தான். அம்மா பெருமையோடு, "வடிவா வறுத்துப்போட்டன் மோன். இனி அந்த முதலாளிட்டச் சொல்லு, வறுக்கத் தெரியாட்டி எங்களிட்டக் கேக்கட்டாம்" என்றார்.

இவன் சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினான். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தான். பிறகு ஒரு கப் வாங்கிக் குடித்துவிட்டுச் சொன்னான்:

"அம்மா, இது உலகத்திலயே ஒருத்தரும் செய்யாத ஸ்டைல். இதுக்குப் பேர் டபிள் ரோஸ்ட்."

அவ்வளவுதான். மறுநாளிலிருந்து எங்கள் வீட்டில் கோப்பி இல்லை. டபிள் ரோஸ்ட்தான். பக்கத்து வீட்டுக்காரி வந்தாலும் அம்மா கேட்பார் — "டபிள் ரோஸ்ட் ஒண்டு குடிக்கிறீரோ?"

ஆனால் பெரியம்மா சொன்ன சொல் சும்மா போகவில்லை. அன்று பின்னேரம் அம்மா என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, நீ அந்தக் கோப்பிக்கடைக்கு ஒருக்காப் போட்டு வா. அவனோட வேலை செய்த பிள்ளையளைக் கேள். அவன் உண்மையா விருப்பப்பட்டுக் குடிச்சது எது எண்டு. எதுவெண்டாலும் அதையே வைப்பம். எனக்கு ஒண்டுமில்லை."

'எனக்கு ஒன்றுமில்லை' என்று ஒரு அம்மா சொன்னால் என்ன அர்த்தம்? உங்களுக்குத் தெரியாதா?

போனேன். அந்தக் கண்ணாடிக் கதவை முதல் முறையாகத் திறந்தேன். இத்தனை நாளும் வாசலோடு இறக்கிவிட்டுத் திரும்பியவன் நான்.

மெசினுக்குப் பக்கத்தில் நஸ்ரினா நின்றார். தெமட்டகொடைப் பிள்ளை. அண்ணாவோடு ஒரே ஷிப்டில் வேலை செய்தவர். செத்தவீட்டுக்கு உம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். விஷயத்தைச் சொன்னேன். ஒரு கதிரையை இழுத்துப் போட்டார். பிறகு, "இரிங்க" என்றார்.

"தங்கச்சி, எனக்குக் கோப்பி எண்டா ஒரு கோப்பிதான் தெரியும். ஓலெவல் சோதினையே தாண்டாதவன். கொஞ்சம் விளங்கிற மாதிரிச் சொல்லுங்கோ."

"இது ஓலெவல் பாடமில்ல. வாயத் தொறந்தா போதும்" என்றார்.

முதலில் ஒரு கப் வந்தது. சாமி விளக்குக்கு எண்ணெய் விடுகிற அளவில். எஸ்பிரெஸ்ஸோவாம். மாவாக அரைத்த தூளை அமுக்கி, மெசின் தம் பிடித்துச் சுடுதண்ணீரை அதற்குள்ளால் தள்ளுகிறது. ஒரு மிடறு குடித்தேன். காது வரை கசந்தது.

"மூஞ்சப் பாருங்க, வேப்பங்கா சாப்பிட்டாப்போல!" என்று சிரித்தார் நஸ்ரினா. "இதான் தாய். மத்ததெல்லாம் இதுட புள்ளைகள்."

பிறகுதான் எனக்கு விளங்கியது. தாயோடு சுடுதண்ணீர் சேர்ந்தால் அமெரிக்கானோ — எங்கள் பிளேன் கோப்பிக்குச் சொந்தக்காரன். பால் கனக்கச் சேர்ந்தால் லாட்டே. பாலைக் குறைத்து மேலே தடிப்பாக நுரை வைத்தால் கப்புச்சினோ. நுரையை மெல்லிசாக்கினால் ஃபிளாட் வைட். மெசினே வேண்டாமென்றால் கடதாசி வடிகட்டிக்குள் தூளைப் போட்டு, பூக்கன்றுக்குத் தண்ணீர் விடுகிற மாதிரிச் சுற்றிச் சுற்றி ஊற்ற வேண்டும். அவசரமில்லாத ஆட்களுக்கு இன்னொன்று — பச்சைத்தண்ணீரில் இரவு முழுக்க ஊறவிட்டு, அடுத்த நாள் ஐஸோடு குடிப்பது.

இவ்வளவும் ஒரே கொட்டை! அரைக்கிறதிலும் தண்ணீரிலும் பாலிலும்தான் வித்தியாசம். ஒரு வீட்டில் பிறந்த பிள்ளைகள் மாதிரி. ஒருவன் பரிஸ்டா, ஒருவன் ஓட்டோக்காரன்.

"சரி. இதில அண்ணா குடிச்சது எது?"

நஸ்ரினா துணியை எடுத்து மெசினைத் துடைத்தார். அது ஏற்கெனவே பளபளவென்றுதான் இருந்தது.

"ஒன்டுமில்ல."

"என்ன?"

"ஒங்கட அண்ணா இங்க ஒரு கப் கோப்பி முழுசாக் குடிச்சத நான் கண்டதே இல்ல. காலைல மெசின் செட் பண்றப்ப வாயில எடுப்பாரு, ருசி பாப்பாரு, சிங்க்ல துப்பிருவாரு. கேஸ்ட்ரைட்டிஸ். டொக்டர் செல்லியாம், ஒரு நாளைக்கி ஒரு கோப்பி, அதுக்கு மேல தொடவே வாணாம் என்டு."

எனக்கு இது தெரியாது. எங்கள் வீட்டில் யாருக்குமே தெரியாது.

"ஒருநா மொதலாளி நல்ல ரேர் கோப்பி ஒன்டு போட்டுக் குடுத்தாரு. நாங்கெல்லாம் அடிபட்டுக் குடிச்சோம். இவரு துப்பிட்டாரு! நான் ஏசினன். 'நாளைக்கி வீட்ட குடிக்காம வாங்களேன், அந்த ஒன்ட இங்க குடிங்களேன்' என்டு. என்ன சென்னாரு தெரியுமா?"

"என்ன?"

"'ஏலாது நஸ்ரினா. பெட்ரோல் கோட்டா மாதிரி எனக்குக் கோப்பிக் கோட்டா ஒண்டுதான். அது காலையில டபிள் ரோஸ்ட்டோட முடிஞ்சிடும்.' டபிள் ரோஸ்ட் என்டா என்ன என்டு கேட்டா, சிரிப்பாரே தவிர செல்ல மாட்டாரு. நீங்க செல்லுங்க — அது என்ன கோப்பி?"

நான் சொன்னேன். ஆபிரிக்கா மலை, தாச்சி, வேர்க்கொம்பு எல்லாம். அந்தப் பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. சிரித்துக்கொண்டே அழுதது. வெளியே கரையோர ரயில் கடகடவென்று போனது. அதனால் என் சத்தம் யாருக்கும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்தேன். அம்மா வாசலிலேயே நின்றார். முகத்தைப் பார்த்ததும், "என்ன, பால் விட்டதோ, விடாததோ?" என்றார். எதற்கும் தயாராக நிற்கிறவரின் குரல்.

எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு நாளைக்கு ஒன்றுதான் அவனுக்கு ஏலும். கடை முழுக்கக் கோப்பி இருந்தும், அந்த ஒன்றை உங்களிடம்தான் குடித்தான் என்று சொன்னேன். பெரியம்மாவும் வெங்காயக் கத்தியோடு வந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அம்மா அழவில்லை. கோபம்தான் வந்தது.

"கேஸ்ட்ரைட்டிஸ் எண்டு எனக்கேன் சொல்லேல்ல, அந்தக் கள்ளன்? சொல்லியிருந்தா மிளகைக் குறைச்சு விட்டிருப்பனே!"

பிறகு பெரியம்மா கத்தியை வைத்துவிட்டு, அம்மாவின் தோளில் கை போட்டார். "எடி, தாச்சியை எடு. ரெண்டு பேருமா வறுப்பம்" என்றார். அப்போதுதான் அம்மா அழுதார். ஆறுதலாக, நெடுநேரம்.

காரியத்தன்று நஸ்ரினாவும் வந்தார். கஃபேயிலிருந்து வெள்ளைக் கப் ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். ஷிப்டில் அண்ணா பிளேன்ரீ குடிக்கும் கப்பாம். அம்மா அதை வாங்கிக் கழுவி, டபிள் ரோஸ்ட்டை ஊற்றி, படத்துக்கு முன்னால் வைத்தார். நான் எட்டிப் பார்த்தேன். வழக்கமான கரிக்கறுப்பு இல்லை. கப்பின் அடி தெரிந்தது.

"என்னம்மா, தண்ணியாக் கிடக்கு?"

"மிளகு போடேல்ல. தூளும் குறைச்சுத்தான்" என்றார் அம்மா, கப்பின் பிடியை அண்ணாவின் வலக்கைப் பக்கம் திருப்பிக்கொண்டு. "அவன்ர வயித்துக்குக் கூடாதெல்லே."

வாசகர்களே, இந்த முறை உங்களுக்குச் சொல்ல என்னிடம் புத்திமதி ஒன்றும் இல்லை. ஒன்று கேட்கத்தான் இருக்கிறது. நாளைக்குக் காலையில் கோயிலிலோ, சேர்ச்சிலோ, பள்ளிவாசலிலோ, அடுப்படியிலோ நிற்கும்போது, என் அண்ணா சுதனுக்காக ஒரு நிமிடம் வேண்டிக்கொள்ளுங்கள் — முதல் கோப்பியைக் குடிக்க முதல்.