வெட்டின பைப்பிலை வந்த சூடு

முதலே சொல்லிப்போடுறன், பேய் பிசாசு ஒண்டிலும் எனக்கு நம்பிக்கை இல்லை, இண்டைக்கும் இல்லை எண்டுதான் சொல்லுவன். எங்கடை குடும்பத்திலை பள்ளிக்கூடம் முடிச்சுக் கொலிச்சுக்குப் போனவன் நான் ஒராள்தான், படிச்சதும் வீட்டு ஹீற்றிங் வேலை. பொயிலர் தண்ணியைச் சூடாக்கும், பம்ப் தள்ளும், பைப்பாலை ஓடும், அறை சூடாகும். பைப் இல்லாட்டில் சூடும் இல்லை. இதிலை நம்புறதுக்கு என்ன கிடக்கு? இனிச் சொல்லுறதைக் கேட்டுச் சிரிக்கிறதெண்டால் சிரியுங்கோ. எனக்குக் கோவம் உங்களிலை இல்லை.

கோவம் எங்கடை வீட்டுக்கார அங்கிளிலை. கனடாவிலை, ஸ்காபரோவிலை அவற்றை பழைய வீடொண்டிலை வாடகைக்கு இருந்தனாங்கள். அக்கா பிள்ளைப்பெத்து ஆஸ்பத்திரியாலை வந்த கிழமை, வெளியிலை மூக்கு விறைக்கிற குளிர், அத்தான் லொறி கொண்டு அமெரிக்காப் பக்கம் போட்டார். எல்லா அறையிலையும் சுடுதண்ணி ஓடுற றேடியேற்றர் கொதிக்குது, அக்காவும் பிள்ளையும் கிடக்கிற பின்னறையிலை மட்டும் இரும்பு விறைச்சுப்போய்க் கிடக்கு. கரண்ட் ஹீற்றரைச் செருகினால் பிரேக்கர் விழுந்து வீடே இருட்டு. பிள்ளையின்ரை காலைத் தொட்டால் ஐஸ். முன்னறைக்கு மாத்துவம் எண்டால் அம்மா விடமாட்டா. "பிள்ளைப்பெத்த துடக்குக் கழியாமல் சாமிப்படம் இருக்கிற அறைக்குள்ளை என்னெண்டடா விடுறது?" எண்டு ஒரே பிடியாய் நிண்டா. அவவோடையும் கத்தினன், அது வேறை.

அங்கிளுக்குப் போன் பண்ணினால் ஒரே பாட்டுத்தான்: "உது காத்து அடைச்சிருக்கும் தம்பி, திறந்து விடும். நீர் படிச்சனீர்தானே."

திறந்து விட்டன். மற்ற றேடியேற்றர் எல்லாத்திலையும் உஸ் எண்டு காத்துப் போய்த் தண்ணி வந்தது, பின்னறையிலை காத்துமில்லை தண்ணியுமில்லை. பம்பிலை கை வைச்சுப் பாத்தன், உறுமுது. வால்வெல்லாம் திறந்துதான் கிடக்கு. கடைசியாய் பேஸ்மென்ற் சீலிங்கிலை ஒரு தட்டைக் கழட்டி டோர்ச் அடிச்சால், பின்னறைக்குப் போற ரெண்டு பைப்பும் வெட்டி, முனையிலை மூடி போட்டு அடைச்சிருக்கு, அதிலை தூசி மொத்தமாய்ப் படிஞ்சிருக்கு. கீழை வாடகைக்கு அறை அடிக்கேக்கை இடைஞ்சலெண்டு வெட்டிப்போட்டு, எல்லாம் தெரிஞ்சுகொண்டு என்னைக் காத்துத் திறக்க விட்டிருக்கிறார் மனுசன்!

உடனை வரச்சொல்லிப் போனிலை கத்தினன். வந்தார். பட்டப்பகல். வாசல்படியிலை சினோப் பனிக்குள்ளை நிண்டுகொண்டு உள்ளுக்கு வரமாட்டாராம்.

"நான் கோயில் காரியம் பாக்கிறனான் தம்பி, துடக்கு வீட்டுக்குள்ளை கால் வைக்கேலாது."

"பைப்பை வெட்டேக்கை கோயில் ஞாபகம் வரேல்லையோ அங்கிள்?"

"ஆர் வெட்டினது? புத்தகத்திலை இருக்கிற பைப்பைத் தேடாமல் வீட்டிலை இருக்கிறதை வடிவாய்ப் பாரும்."

நான் வாய் திறக்க முந்திப் பின்னறையிலை இருந்து அக்கா கூப்பிட்டா: "தம்பி, சரியாக்கிப்போட்டியோடா? நல்லாச் சூடு வருது!"

அங்கிள் ஒரு சிரிப்புச் சிரிச்சார் பாருங்கோ. "கேட்டீரோ? படிச்ச பிள்ளையளுக்கு வாய்தான்" எண்டிட்டுக் காரிலை ஏறிப் போட்டார்.

ஓடிப்போய்த் தொட்டன். நம்பினால் நம்புங்கோ, கை பொசுங்கிச்சு. கீழை ஓடினன். பைப் வெட்டினது வெட்டினபடி, மூடி சில்லெண்டு குளிருது. திரும்ப மேலை வந்து, ஒரு கோப்பையைப் பிடிச்சுக்கொண்டு காத்துப் போக்கிற ஆணியைத் திருப்பினன். இந்த முறை தண்ணி வந்தது. றேடியேற்றர்த் தண்ணி எண்டால் கறுத்து இரும்பு நாறும். இது பச்சை கலந்த மண்ணிறம், ஆவி பறக்குது, அறை முழுக்க இலை அவிச்ச மணம்.

சிற்றி ஒவ்விசுக்கு முறைப்பாடு குடுக்கப் போனை எடுத்திட்டுத் திரும்ப வைச்சன். என்னெண்டு சொல்லுறது? அறை குளிருதெண்டோ? நாங்கள் டோர்செட் பார்க்கிலை அப்பார்ட்மென்ற் எடுத்துப் போகுமட்டும் அந்தச் சூடு குறையேல்லை. பிள்ளை காலை நீட்டி நித்திரை கொண்டது, அதுக்குச் சந்தோசம்தான். ஆனால் அந்தாளின்ரை களவுக்கு ஆரோ இப்பிடி முட்டுக்குடுத்ததை நினைக்க இப்பவும் எனக்குப் பத்தி எரியுது.

அதையும் விடுங்கோ. மறக்கேலாதது அண்டைக்கு அம்மா அந்தக் கோப்பையோடை நிண்ட விதம். வாங்கி மணந்து பாத்தா. பிள்ளைப்பெத்தவளுக்குக் குளிக்க வாக்கிற தண்ணியாம், நொச்சியும் பாவட்டையும் போட்டு அவிக்கிறது. இந்த இலையளுக்கு ஸ்காபரோக் கடையெல்லாம் ஏறி இறங்கியும் கிடைக்காமல், வெறும் சுடுதண்ணியிலை அக்காவைக் குளிக்க வாத்துக்கொண்டு இருந்தவ அவ.

"பிள்ளை, ஆர் இதை அவிச்சது?" எண்டு கேட்டா. என்னைப் பாக்கேல்லை, அக்காவையும் பாக்கேல்லை. றேடியேற்றர்ப் பக்கம் குனிஞ்சு கேட்டா. கொஞ்சநேரம் காது குடுத்தமாதிரி நிண்டிட்டு, "ஓம், ஓம்" எண்டு தலையாட்டினா. பிறகு கோப்பையைக் கொண்டுபோய் அக்கா குளிக்கிற வாளிக்குள்ளை ஊத்தினா.

உங்கடை காதிலை என்னம்மா கேட்டது எண்டு நானும் எத்தினை தரம் கேட்டிட்டன். ஒவ்வொருக்காலும் ஒரே பதில்தான்.

"பொம்பிளையளின்ரை கதை உனக்கேனடா?"