அப்பா குடித்த சாம்பார்

சிங்காரம் வருவதற்கு முன்னால் அவருடைய ஜவ்வாது வாசனை வந்துவிடும். மன்னார்புரத்து டீசல் புகையையெல்லாம் விலக்கிக்கொண்டு அது எங்கள் மெஸ்ஸின் வாசலில் வந்து நின்றதுமே அம்மா கரண்டியை ணங்கென்று வைத்துவிட்டு, "வந்துட்டாருய்யா மைனரு" என்று முணுமுணுப்பாள். புல்லட், பட்டுக்கரை வேட்டி, நெற்றி கொள்ளாத நாமம். புரட்டாசிச் சனிக்கிழமை என்றால் ஸ்ரீரங்கத்தில் அண்டா அண்டாவாகப் புளியோதரை தானம். முசிறியிலிருந்து வந்து, எங்களுக்கு நேர் எதிரே கண்ணாடிக் கதவு போட்டு ஓட்டல் திறந்த மகானுபாவர் அவர்.

எங்களுடையது "தகரக்கொட்டாய்". மதியச் சாப்பாடு மட்டும்தான். அப்பாவின் சாம்பாருக்காக பஸ் டிரைவர்களும் ஆபீஸ்காரர்களும் வெயிலில் காத்துக்கிடப்பார்கள். எங்கள் வீட்டு வாடகை, என் பள்ளிக்கூடம், அம்மாவின் ஆஸ்துமா மாத்திரை எல்லாம் அந்த ஒரு சாம்பாரை நம்பித்தான் நடந்தன. எதிரே ஏ.சி. ஓடியும் கூட்டம் எங்கள் பக்கமே நின்றால் அந்த மனுஷனுக்கு வயிறு எரியாதா? "அண்ணே, கடையை எங்கிட்ட விட்டுட்டு நிம்மதியா இருங்களேன்" என்று சிரித்துக்கொண்டே கேட்பார். அப்பாவும் சிரித்துக்கொண்டே, "போயிட்டு வாங்க தம்பி" என்று அனுப்பிவைப்பார்.

ஒரு கோடை மதியம், பந்தி முடியும் நேரத்தில், அதுவரை நாங்கள் பார்த்தேயிராத ஒருவன் இலையிலிருந்து துள்ளி எழுந்து, "ஐயையோ, சாம்பார்ல பல்லி!" என்று தெருவுக்கே கேட்கக் கத்தினான். பல்லி கிடந்தது, உண்மைதான். ஆனால் அது வெந்திருக்கவில்லை; தோல்கூடச் சுருங்கவில்லை. கொதிக்கிற அண்டாவில் விழுந்த பல்லியா அது, நீங்களே சொல்லுங்கள்! யார் கேட்டார்கள்? பாதிச் சாப்பாட்டில் எல்லோரும் எழுந்தார்கள், ஒருவர் தொண்டையில் விரலை விட்டு வாந்தி எடுத்தார், வாசலில் கூட்டம் கூடிவிட்டது.

அப்பாவுக்கு ரோஷம் வந்தால் கண் தெரியாது. பந்தியில் இருந்தது, அண்டாவை வழித்து ஊற்றிய கடைசி சாம்பார் வாளி. "என் சாம்பார்ல விஷமா? பாருங்கடா!" என்று அதை இரண்டு கையாலும் தூக்கி, நடுரோட்டில் நின்று, சட்டையெல்லாம் வழிய வழிய, மடமடவென்று சொட்டு மிச்சமில்லாமல் குடித்துவிட்டார். வழக்கென்று வந்தால் கற்பூரத்தை அடித்து அணைத்துச் சத்தியம் செய்கிற ஜீயபுரத்தில் வளர்ந்த மனிதர். தன் உடம்பை முன்னால் வைத்தால் ஊர் நம்பிவிடும் என்று நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன். பெருமையில் எனக்குக் கைதட்ட வேண்டும் போலிருந்தது.

பிறகு சுகாதார அதிகாரி வந்தார். "பரிசோதனைக்கு அனுப்பணும். சாம்பார் கொஞ்சம் எடுத்துக் குடுங்க" என்றார். அப்பா காலி வாளியைப் பார்த்தபடி, "குடிச்சிட்டேங்க ஐயா" என்றார். பல்லியையும் அந்த ஆள் எல்லோரிடமும் காட்டிக் காட்டியே எங்கோ கொண்டுபோய்விட்டிருந்தான். குடித்தவர் குத்துக்கல்லாக நின்றாரே, அது ஒரு சாட்சி ஆகாதா? ஆகவில்லை! "ஆதாரத்தையே முழுங்கிட்டாருப்பா, கெட்டிக்காரரு" என்று டீக்கடையில் சிரித்தார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? "வீரத்தைக் காட்டறதுக்கு முன்னாடி ஒரு கிண்ணம் எடுத்து வச்சிருக்கக் கூடாதா?" என்று அம்மா சுவரைப் பார்த்துக் கேட்டாள்.

அதற்குப் பிறகு சமைத்ததெல்லாம் மிஞ்சியது. மிஞ்சியதை நாங்களே தின்றோம். அப்பா தெருவில் போகிறவர்களின் கையைப் பிடித்து, "காசு வேணாங்க, ஒரு வாய் சாப்பிட்டுப் பாருங்க" என்று கெஞ்சினார். அவர்கள் கையை உதறிக்கொண்டு போனார்கள். என் வாழ்க்கையில் அதைவிடக் கொடுமையான காட்சி எதையும் நான் பார்த்ததில்லை. கத்தியவன் கொஞ்ச நாளில் சிங்காரத்தின் கல்லாவில் வந்து உட்கார்ந்தான். ஊரே பார்த்தது, ஒருத்தர் வாய் திறக்கவில்லை, பாவிகள்.

மெஸ்ஸை மூடினோம். அம்மாவுக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியபோது அப்பா ஒரு காலையில் எழுந்து, குளித்து, சிங்காரம் ஓட்டலின் பின்வாசல் வழியாகச் சமையல்கட்டுக்குள் நுழைந்தார். "வாங்கண்ணே" என்று அதே சிரிப்பு. ஒரே நிபந்தனை, முன்பக்கம் தலை காட்டக் கூடாது. எங்களிடம் வந்துகொண்டிருந்த அத்தனை பேரும் ஏ.சி.யில் உட்கார்ந்து அதே சாம்பாரை இரண்டாந்தரம் கேட்டு வாங்கி ஊற்றிக்கொண்டார்கள்.

மெஸ் இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. சிங்காரம் செத்து, பிள்ளைகள் சொத்தைப் பிரித்ததில் அந்த ஓட்டலும் இல்லை. அப்பாவும் இல்லை. போன மாதம் ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாணப் பந்தியில், பக்கத்து இலையில் உட்கார்ந்த பெரியவர் சாம்பார் சோற்றைப் பிசைந்தபடி பேச்சுக்கொடுத்தார்.

"மன்னார்புரத்துல சிங்காரம் ஓட்டல்னு ஒண்ணு இருந்துச்சும்மா. அந்தச் சாம்பாருக்கு ஈடே கிடையாது. எதுத்தாப்ல ஒரு தகரக்கொட்டாய் மெஸ். ச்சீ, பல்லி விழுந்த சாம்பாரு! கருமம்!"

"ரெண்டும் ஒரே கைதாங்க. எங்க அப்பா கை" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு தன் இலையில் பிசைந்து வைத்திருந்த சாம்பார் சோற்றை ஓரமாக ஒதுக்கிவிட்டு, மோர் கேட்டார்.