கார்மேகம் இல்லாத ஆட்டம்

வளைகுடா நாட்டு முசஃபாவில் இரண்டு பேரில் யார் பெரிய செட்டர் என்ற வழக்கு ஆறு வருடமாக நடக்கிறது. நீதிபதி மீரா சாகிப். கீழக்கரைக்காரர், எங்கள் தொழிலாளர் கேம்ப் வாசலில் டீக்கடை வைத்திருக்கிறார். வாழ்நாளில் ஒரு பந்தைத் தொட்டதில்லை, ஆனால் வாலிபால் என்று வந்துவிட்டால் அவர் வைத்ததுதான் சட்டம். ஞாயிற்றுக்கிழமைகளில் கம்பெனிகளுக்கு இடையே நடக்கும் லீக் ஆட்டத்துக்கு முன்னாலும் பின்னாலும் அவர் கடையில் நிற்கக்கூட இடம் கிடைக்காது.

வாலிபால் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். கைதட்டு வாங்குகிறவன் எகிறி அடிக்கிறவன். அவனுக்கு அந்தப் பந்தை எந்த இடத்தில், எந்த உயரத்தில் தூக்கிக் கொடுப்பது என்று தீர்மானிக்கிறவன் செட்டர். ஆறு பேருக்கும் சேர்த்து யோசிக்கிறவன் அவன்தான்.

ஒரு செட்டர் விஜயபாஸ்கர். பைப் கம்பெனியில் சேஃப்டி ஆபீசர். ஆறடி உயரம், பல்கலைக்கழக அணிக்கு ஆடியவர், தலைமுடி கலையாமல் ஆடுவார். இன்னொருவர் எங்கள் கம்பெனி கார்மேகம். கமுதிப் பக்கம். ஐந்தடி ஆறு அங்குலம், முப்பத்தொன்பது வயது, படித்தது எட்டாம் வகுப்பு. நான் அதே கம்பெனியில் டைம்கீப்பர். ஆட்டங்களுக்கு ஸ்கோர் எழுதுவதும் நான்தான். அறையில் அவருக்குக் கீழ்க் கட்டில் என்னுடையது. ஆகவே நான் நடுநிலை என்று யாரும் நம்ப வேண்டாம்.

"விஜயபாஸ்கர் கைபட்டா பந்து சத்தமே போடாது அண்ணே, அதுதான் கிளாஸ்" என்று யாராவது ஆரம்பிப்பான்.

மீரா சாகிப் டீயை ஆற்றிக்கொண்டே திரும்புவார். "அவனுக்கு ரெண்டு பக்கமும் பஞ்சாப்காரன் பனைமரம் மாதிரி நிக்கிறான். எங்கெ தூக்கிப் போட்டாலும் அடிச்சிருவான். நம்ம கார்மேகத்துக்கு யாரு இருக்கா? ரெண்டு வெல்டரு, ஒரு கிரேன் டிரைவரு. அதுல ஒருத்தனுக்குக் கண்ணாடி. இவங்கள வச்சு மூணு கப்பு வாங்கியிருக்கான். யாரு பெரிய ஆளுன்னு தெரியணுமா? ஆளை எடுத்துட்டு டீமைப் பாருங்க வாப்பா. விஜயபாஸ்கர் இல்லாட்டியும் அவங்க ஜெயிப்பாங்க. கார்மேகம் இல்லாட்டி நம்ம டீம் கலாஸ்."

கடையே தலையாட்டும். கார்மேகம் ஓரமாக நின்று டீயைக் குடித்துக்கொண்டு சிரிப்பார். அந்தச் சிரிப்பு எனக்குப் பெருமையாகத்தான் தெரிந்தது. அந்தத் தீர்ப்பே அவருக்கு விலங்காகும் என்று நான் நினைக்கவில்லை. எங்கள் அட்மின் மேனேஜர் சாகிரும் அதே கடையில்தான் டீ குடிப்பார்.

கார்மேகம் வந்தது கிரைண்டிங் வேலைக்கு. ஒரு சாயங்காலம் கேம்ப் மணலில் வலை கட்டி ஆடியபோது ஆள் குறைந்ததால் உள்ளே இறங்கினார். பதினைந்து நிமிடம் பார்த்துக்கொண்டிருந்த சாகிர், அடுத்த வாரமே அவரை ஸ்டோருக்கு மாற்றிவிட்டார். கிரைண்டரில் விரல் போய்விட்டால் என்ன ஆவது? வெயிலில்லை, நெருப்புப் பொறியில்லை. போல்ட்டு நட்டு எடுத்துக் கொடுக்கிற சுகமான வேலை. எல்லாரும் வயிறெரிந்தோம். நானும்தான்.

அந்தச் சுகத்துக்குப் பிறகு அவரால் எதையும் கேட்க முடியாமல் போயிற்று. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஊருக்கு லீவு. அவருடைய முறை டிசம்பரில் வந்தது. டிசம்பரில்தான் லீக் தொடங்கும்.

"சுட்டி? அபி? லீக் கலாஸ் ஹோனே தோ, பாய்" என்று தோளில் கை போட்டார் சாகிர். லீவா, இப்போதா? லீக் முடியட்டும், அப்புறம் போகலாம் என்று அர்த்தம். முடிந்தது. மறுவாரமே ஆட்களை வெளியூர் வேலைக்கு அனுப்பினார்கள், ஸ்டோரைப் பார்க்க ஆளில்லை என்றார். பிறகு வெயில்காலம், பிறகு பிராக்டிஸ், பிறகு மறுபடி டிசம்பர், அப்புறம் இன்னொரு டிசம்பர். பாஸ்போர்ட் கம்பெனி ஆபீஸ் அலமாரியில் இருந்தது. வேலையை உதறிவிட்டுப் போகலாம்தான். எட்டாம் வகுப்பும் நாற்பது வயதுமாக ஊரில் போய் என்ன செய்வது என்று அவர் என்னிடமே கேட்டார். அவர் கடைசியாகப் பார்த்தபோது மகள் அகிலாவுக்கு நாலு வயது. இப்போது எட்டு. போனில் அந்தப் பிள்ளை, "நல்லா இருக்கீங்களா" என்று வெளியாளிடம் கேட்பதுபோலக் கேட்டுவிட்டு விளையாடப் போய்விடும்.

இதற்கு நடுவில் அவர் மனைவி நாகவள்ளிக்கு உடம்பு சரியில்லாமல் போனது. கர்ப்பப்பையில் கட்டி, எடுத்தே ஆக வேண்டும் என்று மதுரை டாக்டர் சொல்லிவிட்டார். "நீங்க வந்து பக்கத்துல இருங்க, அப்புறம் எடுத்துக்கலாம்" என்று அந்த அம்மா இரண்டு தடவை தேதியைத் தள்ளிப்போட்டது. ரத்தப்போக்கு நிற்கவில்லை. வயல் வேலைக்குப் போக முடியவில்லை. மூன்றாவதாகக் குறித்த தேதி பிப்ரவரியில், ஒரு வெள்ளிக்கிழமை. "இந்தத் தடவை தள்ளுனா நான் இருக்க மாட்டேன்னு டாக்டர் சொல்றாருங்க" என்று அந்த அம்மா போனில் சொன்னதை நானும் கேட்டேன். கார்மேகம் அன்று சாப்பிடவில்லை.

அவர் செய்த முதல் காரியம் முட்டாள்தனமானது. வேண்டுமென்றே மோசமாக ஆடினார். ஜனவரியில் ஒரு கடைசி இடத்து அணியோடு ஆட்டம். பந்தை வலைக்கு மிக நெருக்கமாகத் தூக்கினார், அடிக்கிறவன் இறங்கிய பிறகு தூக்கினார். தோற்றோம். இவன் கதை முடிந்தது, ஊருக்கு அனுப்பிவிடலாம் என்று சாகிர் நினைப்பார் என்பது அவர் கணக்கு.

மறுநாள் சாகிர் ஒரு பெட்டிப் பேரீச்சம்பழமும் வலி எண்ணெயும் எடுத்துக்கொண்டு எங்கள் அறைக்கே வந்துவிட்டார். "தேக்கா? நீ ஒருநாள் சரியில்லேன்னா டீமே மாஃபி, ஒண்ணுமில்லே" என்றார், பாதித் தமிழில். ஜெயித்தாலும் அவர் வேண்டும், தோற்றாலும் அவர் வேண்டும். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தப் பேரீச்சம்பழத்தைத் தூக்கி வெளியே எறிந்திருப்பேன், மற்றவர்கள் அதற்குள் தின்றுவிட்டார்கள்.

அப்போதுதான் மீரா சாகிபின் சட்டம் எனக்கு உறைத்தது. ஆளை எடுத்துவிட்டு டீமைப் பார்க்க வேண்டும். டீம் ஜெயிக்க வேண்டும். அது ஒன்றுதான் சாவி.

எங்களிடம் இரண்டாவது செட்டர் என்று பெயருக்கு ஒருவர் இருந்தார். வெங்கட்ராமன், ஏசி டக்ட் போடுகிறவர், நாற்பத்திரண்டு வயது, தொப்பை. தண்ணீர் பாட்டில் எடுத்துக் கொடுக்கத்தான் இறங்குவார். மூன்று வாரம் தினமும் டியூட்டி முடிந்ததும் கார்மேகமும் அவரும் கேம்ப் பின்னால் வலை கட்டினார்கள்.

"வித்தையெல்லாம் வேணாம் வெங்கட். ஒரே எடம், ஒரே ஒசரம். அடிக்கிறவய்ங்க கண்ணை மூடிக்கிட்டு வந்தாலும் பந்து அங்கன இருக்கணும்" என்றார் கார்மேகம். வெங்கட்ராமன் அதை மட்டும் பிடித்துக்கொண்டார்.

பிறகு கார்மேகம் மணிக்கட்டில் பேண்டேஜைச் சுற்றிக்கொண்டு, சுளுக்கு என்றார். நான் சாகிரிடம் பேசினேன். வரும் ஞாயிற்றுக்கிழமை வெங்கட்ராமனை வைத்து ஜெயித்துவிட்டால் கார்மேகத்தை விடலாமா என்று கேட்டேன். சாகிர் வாய்விட்டுச் சிரித்தார். அந்த ஞாயிறு எங்களுக்கு எதிரில் விஜயபாஸ்கர் அணி.

"ஜெயிச்சா புதன்கிழமை ஃப்ளைட். வல்லா, சத்தியமா நானே ஏர்போர்ட்ல விடறேன்" என்றார்.

புதன் கிளம்பினால் வெள்ளிக்கு மதுரையில் இருக்கலாம். அன்றே கார்மேகம் நாகவள்ளியிடம் சொல்லிவிட்டார். அந்த அம்மா அழுதது எனக்கும் கேட்டது. அகிலாவுக்கு என்ன வாங்குவது என்று அரைமணி நேரம் பேசினார்கள்.

ஞாயிறு நாலு மணிக்கு மைதானம் நிரம்பிவிட்டது. கார்மேகம் பெஞ்சில் உட்கார்ந்தார், பக்கத்து மேஜையில் நான் ஸ்கோர் நோட்டோடு. முதல் செட் போயிற்று. விஜயபாஸ்கர் பந்தைத் தடவிக் கொடுப்பதுபோல அனுப்ப, பஞ்சாப்காரர்கள் இடித்துத் தள்ளினார்கள். இரண்டாவது செட்டில் எங்கள் ஆட்கள் பிடித்துக்கொண்டார்கள். வெங்கட்ராமன் வியர்வை ஒழுக ஒழுக ஒரே இடத்துக்குத் தூக்கினார். எந்த அழகும் இல்லை. ஆனால் பந்து எப்போதும் அங்கே இருந்தது. வெல்டர்கள் இரண்டு பேரும் அடித்த அடியில் மணல் எழும்பியது. அந்தச் செட் எங்களுக்கு.

மூன்றாவது செட் பதினைந்து பாயிண்ட். பத்துக்குப் பத்து வரை வந்தது. பிறகு வரிசையாக மூன்று எங்களுக்கு. பதிமூன்றுக்குப் பத்து. இன்னும் இரண்டே பாயிண்ட். அவசரத்தில் நோட்டில் கோடு கோணலாக விழுந்தது. கார்மேகத்தைப் பார்த்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

பின்னால் ஆட்கள் சத்தமாகவே பேசிக்கொண்டிருந்தார்கள். "ஏய், இந்தத் தொப்பையே போதும் போல இருக்கேய்யா! இத்தனை வருசமா கார்மேகத்தைச் சும்மாவா தூக்கிவச்சுக் கொண்டாடுனாய்ங்க?" இன்னொருவன், "ஆளை எடுத்துட்டுப் பாத்தாச்சுல்ல, அம்புட்டுதான் மதிப்பு" என்றான். வலைக்கு அந்தப் பக்கம் இருந்து விஜயபாஸ்கர் பெஞ்சைப் பார்த்து லேசாகத் தலையை ஆட்டினார். கேலியா, பரிதாபமா, தெரியவில்லை.

கார்மேகம் பேண்டேஜை அவிழ்க்க ஆரம்பித்தார்.

"அண்ணே, என்ன பண்றீங்க?" என்றேன். சட்டையைப் பிடித்தேன். "உக்காருங்கண்ணே. ரெண்டு பாயிண்ட்டுதான். உக்காருங்க!"

"ரெண்டே ரெண்டு பந்து தம்பி" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. கையை உதறிக்கொண்டு எழுந்தார். சாகிர் அவரைப் பார்த்ததும் துள்ளிக் குதித்து, "யல்லா, யல்லா!" என்று கத்தி ஆள் மாற்றக் கேட்டார். வெங்கட்ராமன் ஒன்றும் புரியாமல் வெளியே வந்தார்.

முதல் பந்தைத் திரும்பிப் பார்க்காமல் தலைக்குப் பின்னால் தூக்கினார். பஞ்சாப்காரர்கள் இந்தப் பக்கம் எகிற, கிரேன் டிரைவர் அந்தப் பக்கம் ஆளில்லாத இடத்தில் இறக்கினான். இரண்டாவது பந்தைத் தூக்குவதுபோல எகிறி, விரல் நுனியால் வலைக்கு மேல் மெல்லத் தள்ளிவிட்டார். விஜயபாஸ்கர் நின்ற இடத்திலேயே நின்றார். அத்தனை அழகான இரண்டு பந்துகளை நான் பார்த்ததில்லை. எனக்கு அவரை ஓங்கி அறைய வேண்டும்போல இருந்தது.

மைதானமே அவரைத் தோளில் தூக்கிக்கொண்டது. மீரா சாகிப் அன்று எல்லாருக்கும் டீ இலவசம் என்றார். வழக்கும் முடிந்துவிட்டது. தோற்கப் போன ஆட்டத்தைச் சுளுக்கிய கையோடு வந்து காப்பாற்றினான் என்று கடையில் சத்தியம் செய்தார்கள். பதிமூன்றுக்குப் பத்து என்று என் நோட்டில் இருக்கிறது. யாரும் பார்க்கவில்லை. வெங்கட்ராமன் காலிப் பாட்டில்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

சாகிர் கார்மேகத்தைக் கட்டிப்பிடித்து நெற்றியில் முத்தம் கொடுத்தார். "நீ இல்லாம எப்படி, பாய்? லீக் கலாஸ், உடனே சுட்டி. பக்கா." புதன்கிழமை ஃப்ளைட் பேச்சே எழவில்லை.

அறைக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. "ஏண்ணே?" என்று மட்டும் கேட்டேன்.

"என்னைய வேணாம்னு சொல்லிட்டாய்ங்க தம்பி. இங்க எனக்கு அது ஒண்ணுதானே இருந்துச்சு" என்றார். எனக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. போன் அடித்தது. கார்மேகம் ஸ்பீக்கரில் போட்டு மடியில் வைத்துக்கொண்டார்.

"யாருங்க ஜெயிச்சா?" என்றது நாகவள்ளியின் குரல்.

"நாமதான்."

"சாமி கும்பிட்டுக்கிட்டே இருந்தேன். உங்களுக்குப் பதிலா எறங்குன அண்ணன் நல்லா வெளையாண்டாரா?"

கார்மேகம் பேசவில்லை. நானும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கத்தில் எங்கோ டிவி ஓடிக்கொண்டிருந்தது. பிறகு யாரோ அதை நிறுத்தினார்கள்.

"நீங்க எறங்கிட்டீங்களா?"

"கடைசி ரெண்டு பந்துதான் வள்ளி" என்றார் அவர்.

அந்த அம்மா திட்டும் என்று நினைத்தேன். அழுதாலும் தேவலை.

"சரிங்க. வெள்ளிக்கெழம எங்க அண்ணன் வந்து கையெழுத்துப் போட்டுரும். அகிலாவ எதுத்த வீட்ல விட்டுட்டுப் போறேன். நீங்க ஒண்ணும் கவலப்படாதீங்க" என்றது நாகவள்ளி. "நீங்க இல்லாம எல்லாத்தையும் செய்ய எங்களுக்குப் பழகிருச்சு."