அஞ்சி அஞ்சி உழைத்த எங்கள் அக்கா

அக்கா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய தம்பியின் வணக்கம். கோலசிலாங்கூரில் குளிர்சாதனப் பெட்டிகளைப் பழுதுபார்ப்பவன் நான். எழுதிப் பழக்கமில்லை. ஆனாலும் அக்காவைப் பற்றி "கடும் உழைப்பாளி" என்று ஒரு வரியில் முடித்துவிட மனம் வரவில்லை. அந்த உழைப்புக்குள் இருந்த பயத்தையும் நீங்கள் அறிய வேண்டும்.

அக்கா ஈஜோக்கிற்கு அருகே எண்ணெய்க்காக வளர்க்கும் ஒரு செம்பனைத் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பிறந்தார். அப்பா குலை வெட்டுபவர். அக்காவுக்குப் பதினான்கு வயதானபோது தோட்டம் கைமாறியது. ஒரே மாதத்தில் லயத்தைக் காலி செய்யச் சொன்னார்கள். பாத்திரங்களை லோரியில் ஏற்றும்போது அம்மா சொன்னார்: "வேலை போனா வீடும் போயிடும். பாத்துக்குங்க." எனக்கு அப்போது எட்டு வயது, நான் மறந்துவிட்டேன். அக்கா மறக்கவில்லை.

பள்ளியில் ஐந்தாம் படிவம் முடித்ததும் ரவாங்கில் பிளாஸ்டிக் மூடி செய்யும் தொழிற்சாலையில் சேர்ந்தார். இயந்திரத்தின் முன் நின்று வேலை பார்த்தவர், படிப்படியாக உயர்ந்து, எந்த இயந்திரம் எந்த நாளில் எதைச் செய்ய வேண்டும் என்று திட்டமிடும் பொறுப்புக்கு வந்தார். சாப்பிடும்போதும் கைப்பேசி தட்டின் அருகில் இருக்கும். அது ஒலித்தால் முகம் வெளுத்துவிடும். விடுப்பு எடுக்க மாட்டார். "நான் இல்லாட்டி எல்லாம் நின்னுடும்" என்பார். அது பெருமைப் பேச்சு என்றே பல ஆண்டுகள் நினைத்திருந்தேன்.

ஐந்து ஆண்டுகளுக்கு முன் ஒரு காலை. நான் வேனில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தேன். அக்கா அழைத்தார்.

"தம்பி, நான் எங்க இருக்கேன்னு தெரியல."

"என்னக்கா சொல்ற? வேலைக்குத்தானே கிளம்பின?"

"ஆமா. ரெண்டு பக்கமும் செம்பனையா இருக்கு. ரவாங் எந்தப் பக்கம்னு தெரியல."

எங்கள் ஊரிலிருந்து ரவாங்கிற்கு முப்பது ஆண்டுகளாக அவர் போய்வந்த சாலை அது. "வண்டிய ஓரமா நிறுத்துக்கா. சாவிய எடுத்துடு. வந்துட்டே இருக்கேன்" என்றேன். ஈஜோக்கைத் தாண்டிச் சாலையோரத்தில் அவருடைய கார் நின்றிருந்தது. அக்கா இரண்டு கைகளாலும் ஸ்டீயரிங்கை இறுகப் பிடித்திருந்தார். மடியில் கைப்பேசி விடாமல் ஒலித்துக்கொண்டிருந்தது. தொழிற்சாலையிலிருந்து.

என்னைப் பார்த்ததும் அவர் கேட்டது இதுதான்: "எடுக்கவா தம்பி? கோபப்படுவாங்க லா."

மூளைக்குப் போகும் இரத்தம் சிறிது நேரம் தடைப்பட்டிருக்கிறது என்றார் மருத்துவர். இது எச்சரிக்கை, அடுத்த முறை இப்படி லேசில் விடாது என்றும் சொன்னார். இரத்த அழுத்த மாத்திரையை அக்கா நிறுத்தி இரண்டு ஆண்டுகளாகியிருந்தன. கிளினிக்குக்குப் போக நேரமில்லையாம்.

வீட்டில் மூன்று வாரம் இருந்தார். "செத்துடுவேனோன்னு ஒரு பயம், வேலை போயிடுமோன்னு ஒரு பயம். எது பெருசுன்னே தெரியல தம்பி" என்றார்.

அந்த நாள்களில் சுங்கை புரோங்கில் நெல் பயிரிடும் அவருடைய பள்ளித் தோழி ரோகாயா வந்து அவரைத் தன் வயலுக்கு அழைத்துப் போவார். வயல்களுக்கு முறைவைத்துத் தண்ணீர் விடுவதை அக்கா வரப்பில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாராம். எல்லா வயலுக்கும் ஒரே நாளில் திறந்தால் கடைசி வயலுக்குத் தண்ணீர் போய்ச் சேராது என்று ரோகாயா சொன்னதும், அக்கா சட்டென்று தாள் கேட்டாராம். தொழிற்சாலையில் எல்லா இயந்திரங்களுக்கும் திங்கள் காலையில்தான் மூடி வார்க்கும் அச்சை மாற்றுவார்கள். மாற்றத் தெரிந்தவர்களோ நான்கு பேர். பாதி இயந்திரங்கள் சும்மா நிற்கும். வார இறுதியில் எல்லாரும் மாய்ந்து மாய்ந்து ஈடுகட்டுவார்கள். அந்த வேலையை வாரம் முழுதும் முறைவைத்துப் பிரித்தால் என்ன என்று வரப்பிலேயே எழுதியிருக்கிறார்.

வேலைக்குத் திரும்பிய அன்று மேலாளரிடம் அந்தத் தாளைக் கொடுத்தார். கூடவே, இனி ஐந்து மணிக்குக் கிளம்புவேன், சாந்திக்கு என் வேலை முழுவதையும் பழக்கிக் கொடுக்கிறேன் என்றும் சொல்லிவிட்டார். சாந்தி அவருக்குக் கீழே வேலை பார்த்த பெண். மேலாளர் தலையை மட்டும் ஆட்டினாராம். அந்த மௌனத்துக்கு அக்கா பயந்த பயம் கொஞ்சமல்ல. ஒரு மாதம் வரை, தினமும் ஐந்து மணிக்கு எனக்கு அழைப்பு வரும். "வெளிய வந்துட்டேன் தம்பி. நாளைக்கு லெட்டர் குடுத்துடுவாங்களோ?"

வேலைநீக்கக் கடிதம் எதுவும் வரவில்லை. இயந்திரங்கள் நிற்பது குறைந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் தொழிலாளர்கள் வீட்டில் இருந்தார்கள். "இத ஏன் முன்னாலயே சொல்லல?" என்று மேலாளர் கேட்டபோது, "யோசிக்க நேரம் இல்லீங்க சார்" என்றாராம் அக்கா.

அதன் பிறகு நான்கு ஆண்டுகள் அவர் எங்களோடு வாழ்ந்தார். மாலையில் மாமாவோடு, அதாவது தன் கணவரோடு, எங்கள் ஊர் மலாவத்தி குன்றில் நடப்பார். குரங்குகளைக் கண்டால் மாமாவின் பின்னால் ஒளிந்துகொள்வார். மகளுக்குச் சட்டை தைத்துக் கொடுத்தார். முதல் சட்டையில் கை இரண்டும் வேறு வேறு நீளம். ஆனால் பயம் முழுதாகப் போய்விட்டது என்று எழுதினால் அது பொய். கைப்பேசி ஒலித்தால் கரண்டி கையிலேயே நிற்கும். போன உடம்பு முழுதாகத் திரும்பவும் இல்லை.

சென்ற ஆண்டு ஒரு ஞாயிறு மதியம், சோறு பரிமாறும்போது வலது கை தொங்கிப்போயிற்று. பதினோரு நாள் மருத்துவமனையில் இருந்தார். பேச்சு குழறியது. திரும்பத் திரும்ப ஒன்றைத்தான் கேட்டார்: "ஃபேக்டரில யாரு பாக்குறா?"

ஒன்பதாம் நாள் சாந்தி வந்தார். நான் அவரை வராந்தாவிலேயே நிறுத்தினேன். "நீங்க இல்லாம வேலையே ஓடலன்னு அக்காகிட்ட சொல்லும்மா. அப்பவாச்சும் எழுந்திருக்கணும்னு தோணும்" என்று கெஞ்சினேன். அக்கா யாருக்கும் தேவையில்லாதவராகிவிட்டால் அந்தக் கணமே போய்விடுவார் என்று எனக்கு அவ்வளவு பயம்.

சாந்தி கட்டிலருகே உட்கார்ந்து அக்காவின் இடது கையைப் பிடித்துக்கொண்டார். "ஒண்ணும் நிக்கல அக்கா. நீங்க சொல்லிக் குடுத்த மாதிரியே எல்லாம் ஓடுது" என்றார்.

அக்கா சாந்தியின் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"நெசமாவா?"

"நெசமா அக்கா."

"அப்ப நான் கொஞ்சம் தூங்குறேன்" என்றார். நெற்றியில் எப்போதும் இருக்கும் சுருக்கம் இல்லாமல் அவர் தூங்கியதை அன்றுதான் பார்த்தேன். அதன் பிறகு தொழிற்சாலையைப் பற்றி அவர் கேட்கவில்லை. இரண்டு நாள் கழித்து, மாமாவும் மகளும் அருகிலிருக்க, அமைதியாகப் பிரிந்தார்.

இதை எழுதத் தொடங்கிய வாரம் நானும் கிளினிக்குக்குப் போனேன். எனக்கும் அழுத்தம் அதிகமாம், மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். பயமாகத்தான் இருக்கிறது. படிக்கிற நீங்களும் ஒருமுறை போய்ப் பாருங்கள்.

பதினோரு நாளும் அக்காவைத் தூக்கி வைத்துப் பார்த்துக்கொண்ட தாதியருக்கும், சுங்கை புரோங்கிலிருந்து தினமும் கஞ்சி கொண்டுவந்த ரோகாயாவுக்கும், இறுதிக் காரியங்களைத் தோளில் சுமந்த உறவினர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. சாந்திக்கு மட்டும் தனியாக ஒரு நன்றி. அன்று நான் சொல்லச் சொன்ன பொய்யை நீ சொல்லாமல் விட்டதற்காக, சாந்திம்மா.