ரெண்டு பக்கத்துக்கும் பாடின அக்கா

அப்ப ரங்கூன்ல நம்ம ஆம்பளைங்க கப்பல் கப்பலா வந்து எறங்குவாங்க. பொம்பளைங்கள விரல் விட்டு எண்ணிடலாம். அதனால கல்யாணம்னா ஒரு சங்கடம். நலங்கு வைக்கிறப்ப பொண்ணு வீட்டுப் பொம்பளைங்க மாப்பிள்ளை வீட்டக் கேலி பண்ணிப் பாடணும், அவங்க திருப்பிப் பாடணும். பாட ஆளுக்கு எங்க போறது?

எங்க தெருவுல ஒரே ஒரு அக்கா இருந்துச்சு. ராமநாதபுரத்துப் பக்கம் ஏதோ பட்டிக்காடு. ரெண்டு பக்கத்துக்கும் அதுவே பாடும். பாயில இந்தப் பக்கம் உக்காந்து மாப்பிள்ளையோட மூக்கக் கேலி பண்ணும். எந்திரிச்சு அந்தப் பக்கம் போயி, யாருடி அவ வாய்க்கொழுப்பு எடுத்தவன்னு இப்பப் பாடினவளையே வையும். தன்னைத்தானே வைஞ்சுக்கிட்டு வெத்தலை பாக்கு வாங்குற ஆள வேற எங்கயும் நான் பாக்கல.

எனக்கு நிச்சயமானப்ப பதினாறு வயசு. பொண்ணு வாயே தொறக்கக் கூடாதுன்னு ரெண்டு வீட்டுலயும் சொல்லியாச்சு. எனக்கு அது பட்டினி போட்ட மாதிரி. அக்கா பாடினாலாவது என் பங்குக்கு நாலு வார்த்தை விழும்னு இருந்தேன். அதுலயும் மண்ணு விழுந்துச்சு. அதுக்கு முந்தி நடந்த ஒரு கல்யாணத்துல அக்கா, எனக்குப் பாத்த மாப்பிள்ளையோட பெரியம்மாவ, அரிசி ஏத்தின படகு அசைஞ்சு வருது, ஒதுங்குங்கன்னு பாடிருச்சு. பொய்யில்ல. அவங்க வந்தா நாங்களும் ஒதுங்கத்தான் செய்வோம். அந்தம்மா கோவத்தப் பத்திரமா வச்சிருந்து எங்க வாசல்ல வந்து கொட்டுனாங்க.

"அவ புருஷன யாராவது கண்ணால பாத்திருக்கீங்களா? தாலியறுத்தவ என் பிள்ளை நலங்குப் பாயில உக்காந்தா, நான் எந்திரிச்சுப் போயிருவேன்."

அக்காகிட்ட எங்கம்மா கேட்டதுக்கு, ஆத்துக்கு அந்தாண்ட த்வாண்டேல பானைச் சூளையில இருக்காருன்னு தரையப் பாத்துச் சொல்லுச்சு. ஊரான் கதையெல்லாம் பாட்டாக்குற மனுஷி, தன் கதையில மட்டும் ஒரு வரி விடல.

கல்யாணத்துக்கு அரசாணிப் பானை த்வாண்டேலதான் வாங்கணும். எங்கப்பாவ நச்சரிச்சு நானும் லாஞ்சிப் படகுல ஏறிட்டேன். அங்க அப்பா பானைய ஒவ்வொண்ணாத் தட்டிப் பாக்க, நான் சூளைக்குப் பின்னால நழுவினேன். ஒரு பர்மாக்காரம்மா களிமண்ணு மிதிச்சுக்கிட்டே வாய்க்குள்ள முனகுது. வார்த்தை இல்ல. மெட்டு மட்டும் அச்சு அசலா நம்ம நலங்குப் பாட்டு.

இந்த மெட்டு யாரு சொல்லிக் குடுத்தான்னு பஜார்ல பழகின அரைகுறை பர்மாப் பேச்சுல கேட்டேன். அக்காவும் புருஷனும் ரொம்ப வருஷம் முந்தி அங்க மண்ணு சுமக்க வந்தவங்களாம். அக்கா பாடப் பாட மிதிச்சா காலு வலிக்காதாம். வந்த மொத மழையிலயே காய்ச்சல் கண்டு அவரு போயிட்டாரு. புருஷன் செத்தவ கழுத்துலேருந்து தாலி வாங்குறதுன்னா நம்ம பொம்பளைங்க நாலு பேரு கூடிச் செய்யணும்ல? அங்க அக்காவத் தவிர நம்ம பொம்பளை ஒருத்தி கெடையாது. மூணு நாள் கழுத்தப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருந்துச்சாம். யாரும் வரல. நாலாம் நாள் எந்திரிச்சு, பாடிக்கிட்டே மண்ணு மிதிக்கப் போயிருச்சாம்.

அறுக்க ஆளில்ல, அறுக்கல. அம்புட்டுத்தான். வேற ஒருத்தின்னா ஊருக்குக் கப்பலேறி மூலையில உக்காந்திருப்பா. இது ரங்கூனுக்கு வந்து ஊரான் வீட்டுக் கல்யாணத்தையெல்லாம் சிரிக்க வச்சிருக்கு. திரும்பி வர்றப்ப மடியில பானைய வச்சுக்கிட்டு அதையேதான் நெனச்சேன். அப்பாகிட்ட மூச்சு விடல.

நலங்கன்னிக்கு அக்கா வந்து பாயோரத்துல நின்னுச்சு. உக்காரல. பெரியம்மா நாலு பேருக்குக் கேக்குற மாதிரி, த்வாண்டே போனீங்களே, ஆளப் பாத்தீங்களான்னு எங்கப்பாவக் கேட்டாங்க. அப்பா முழிச்சாரு. நான் குனிஞ்ச தலையத் தூக்கினேன்.

"நான் பாத்தேன் பெரியம்மா. பானையெல்லாம் அவருதான் தூக்கி லாஞ்சியில வச்சாரு. உங்களையும் விசாரிச்சாரு, அந்தப் படகு இன்னும் ஓடுதான்னு."

மாப்பிள்ளை கூடப் பல்லக் காட்டிட்டாரு. பல்லு நல்லாத்தான் இருந்துச்சு. பெரியம்மா எந்திரிக்கப் பாத்தாங்க. எந்திரிச்சா படகு அசையுதும்பாங்கன்னு அப்படியே உக்காந்துட்டாங்க.

அக்காவும் உக்காந்துச்சு. இந்தப் பக்கம் பாடுச்சு, அந்தப் பக்கம் பாடுச்சு. அப்புறம் நடுப்பாயில வந்து என் மூஞ்சியப் பாத்து, நான் கேட்டே இராத ஒண்ணு எடுத்துச்சு:

"பானை வாங்கப் போன பொண்ணு
பார்த்து வாங்கத் தெரியாத பொண்ணு
ஓட்டைப் பானை கொண்டு வந்தும்
ஒரு சொட்டும் ஒழுகலையே."

பொண்ணக் கேலி பண்ணுதுன்னு கூட்டம் சிரிச்சுச்சு. எது ஒழுகலன்னு எங்க ரெண்டு பேருக்குத்தான் தெரியும். நான் தலையக் குனிஞ்சுக்கிட்டேன். கல்யாணப் பொண்ணு அழுதா ஏன்னு யாரு கேக்கப் போறா.